ரோஜாவைக் கொல்வது பனியா, தண்ணியா?

2024 மார்கழியில் ஒரு நாள் காலை. பக்கத்துக் கொல்லை அக்கா என்னை வரப்பிலேயே நிறுத்திக் கேட்டார்: “ஏன் தம்பி, இந்தப் பனிக்கு ரோஜா தாங்காதா? நட்டதில பாதி பட்டுப்போச்சே.”

மகளிர் குழுக் கடனில் வாங்கி வைத்த ஒட்டுச்செடிகள், மொத்தம் அறுபது. விற்றவர்கள் குளிர் ஊரிலிருந்து வந்த உயர்ரகம் என்று சொல்லியிருக்கிறார்கள். குளிர் ஊர்ச் செடி நம்ம செல்லிப்பட்டுப் பனிக்குச் சாகுமா? அக்காவுக்கே அந்தக் கேள்வி உறுத்தியது. ஆனாலும் விடியற்காலை இலையெல்லாம் பனி சொட்டிக்கொண்டிருக்கும்போது செடி கருகினால், பழி பனி மேல்தானே விழும்? எனக்கும் ஒரு காலத்தில் இதே எண்ணம் இருந்தது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. நம்ம பக்கம் மார்கழி, தை மாதங்களில் அதிகாலை வெப்பநிலை 20 டிகிரி அளவில் இருக்கும். அதற்குக் கீழே வெகுதூரம் இறங்குவதில்லை. ரோஜா நன்றாகத் தழைத்துப் பூக்க விரும்பும் இரவு வெப்பநிலை 15 முதல் 18 டிகிரி, பகலில் 25 முதல் 28. ஆக, நமக்குப் போர்வை தேடவைக்கும் மார்கழி, ரோஜாவுக்கு வருஷத்திலேயே சுகமான மாதம். இங்கே அது அவதிப்படுவது கத்திரி வெயிலில்தான்.

அப்படியானால் ரோஜாவை உண்மையிலேயே குளிர் தாக்கும் இடத்தில் என்ன நடக்கிறது? அதைப் பார்த்துவிட்டு நம்ம கொல்லைக்குத் திரும்புவோம். அதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை, ஊட்டி போதும்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். நமக்கு 20 என்றால் அங்கே 6, 7. இது சாதாரண நாள் கணக்கு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மேகமில்லாத, காற்றில்லாத இரவு வாய்த்தால் பூச்சியம் வரைக்கும், சில இடங்களில் அதற்குக் கீழேயும் இறங்கிவிடும். விடிந்து பார்த்தால் குதிரைப் பந்தய மைதானமும் தலைக்குந்தாவும் உப்புக் கொட்டியது போல வெள்ளையாகக் கிடக்கும். இதுதான் உறைபனி. தேயிலைக் கொழுந்து ஒரே இரவில் கருகும். மலைக் காய்கறி போட்டவர்கள் தூக்கமில்லாமல் தவிப்பார்கள்.

உறைபனி எப்படி விழுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வைத்தியம் கைக்கு வந்துவிடும். அது வானத்திலிருந்து விழுவதே இல்லை. பகலில் வாங்கிய சூட்டை மண்ணும் இலையும் இரவில் வானத்துக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி சூட்டைத் திருப்பி அனுப்பும். தெளிந்த வானம் என்றால் போனது போனதுதான். அப்போது இலை தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். காற்றில் இருக்கும் ஈரம் அந்த இலையிலேயே உறைகிறது. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலவே பள்ளம் பார்த்து ஓடும். அதனால்தான் மலைச்சரிவு தப்பிக்க, அடிப்பள்ளம் அடி வாங்குகிறது.

ஊட்டியில் எல்க் மலைச் சரிவில் 1995-இல், மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டை ஒட்டி, அரசு ரோஜாப் பூங்கா அமைத்தார்கள். ஐந்து அடுக்குகளாகப் படிக்கட்டு மாதிரி இறங்கும் தோட்டம். ஆயிரக்கணக்கான ரகங்கள். உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு 2006-இல் சிறந்த தோட்டம் என்று விருது கொடுத்தது. அழகுக்காகத்தான் சரிவைத் தேர்ந்தெடுத்தார்களோ என்னவோ, என் கண்ணுக்கு அது குளிர்காற்று தேங்காமல் வடிந்து போகிற இடமாகத் தெரிகிறது.

அந்தப் பூங்காவில் கவனிக்க வேண்டியது கவாத்து நேரம். குளிர்காலத்தின் பிற்பகுதியில்தான் கிளைகளை வெட்டுகிறார்கள். வெட்டினால் துளிர் வரும், துளிர் வந்தால் உறைபனி அதைத்தான் முதலில் பிடிக்கும். பனி ஓயும் நேரத்துக்குத் துளிர் கிளம்புகிற மாதிரி கணக்குப் போட்டு வெட்டினால் ஏப்ரல், மே மாதக் கூட்டத்துக்குப் பூ தயார். பனியில் பிழைப்பதற்கு ரோஜாவுக்கு மருந்து எதுவும் வேண்டாம், இளந்துளிர் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் போதும். முற்றிய தண்டு பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே போனாலும் அசராது.

இதற்கு உள்ளே ஒரு வேலை நடக்கிறது. பகல் குறுகி, இரவு மெல்ல மெல்லக் குளிரும்போது செடி வளர்ச்சியை நிறுத்தும். செல்லுக்குள் சர்க்கரையைச் சேர்க்கும், தண்ணீரைக் கொஞ்சம் வெளியேற்றும். அப்புறம் பனிக்கட்டி உருவானாலும் அது செல்லுக்கு வெளியேதான் உருவாகும், செல் கிழியாது. கேழ்வரகு நாற்றைத் தண்ணீர் நிறுத்தி வாட்டிப் பிடுங்கி நடுகிறோமே, அந்த மாதிரிதான். பழக்கப்படுத்தின செடி தாங்கும், ஊட்டி ஊட்டிக் கொழுக்க வைத்த செடி தாங்காது. குளிருக்கு முன்னால் தழைச்சத்தைக் குறைத்து, சாம்பல் கொஞ்சம் போட்டு, செடியை முற்ற விட வேண்டும்.

செடியை மூடுவதும் உண்டு. ஊட்டி அரசுத் தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்கிற செடியின் தழைகளைக் குத்தி வைத்துக் கூடாரம் போல மறைப்பார்கள். இலையிலிருந்து சூடு நேராக வானத்துக்குப் போகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. காசு செலவில்லாத, மட்கிப் போகிற போர்வை. பிளாஸ்டிக் தாளைவிட இது எவ்வளவோ மேல். தாள் இலையில் ஒட்டிக்கொண்டால் ஒட்டின இடமெல்லாம் கருகும். விடிந்ததும் தண்ணீர் தெளித்து உறைபனியைக் கரைப்பது இன்னொரு வழி. வெயில் சுள்ளென்று பட்டுப் பனி உருகுவதற்கு முன்னால் அதைச் செய்ய வேண்டும். இரவிலேயே தெளிப்பானை ஓட்டுகிறவர்கள் பனி கரையும் வரை நிறுத்தக் கூடாது. தண்ணீர் உறையும்போது சூட்டை வெளிவிடும், அது செடியைக் காக்கும். பாதியில் நிறுத்தினால் ஈரம் ஆவியாகி, இருக்கிற சூட்டையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

நீலகிரி, பழனி மலைகளில் சோலை ஓரங்களில் யாரும் மூடாமலே, யாரும் தெளிக்காமலே ஒரு காட்டு ரோஜா கொடியாக ஏறிப் படர்ந்து வெள்ளையாகப் பூக்கிறது. அதன் தாவரவியல் பெயர் ரோசா லெசனோல்டியானா. அந்தப் பெயருக்குரியவர் நம்ம ஊர்க்காரர் என்றே சொல்லலாம். லெஷனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1816-இல் புதுச்சேரிக்கு வந்தார், இங்கே தாவரத் தோட்டப் பொறுப்பில் இருந்தார், நீலகிரி வரை போய்ச் செடிகள் சேகரித்தார்.

ஊட்டிக்கு உறைபனி ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. வெப்பத்துக்குப் பழகின ஊரில் என்றைக்கோ ஒருநாள் திடீரென்று கடுங்குளிர் இறங்கினால்? அதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சொல்ல வேண்டும். நம்ம தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் இடம். கோடையில் 38, 40 டிகிரி சாதாரணம். 2021 பிப்ரவரியில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கி, 16-ஆம் தேதி டல்லாஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19 டிகிரிக்குப் போனது. மின்சாரம் போய் மனிதர்களே செத்தார்கள். வாசலில் நிற்கிற கறிவேப்பிலையும் முருங்கையும் அந்தக் குளிருக்குத் தாங்குகிற சாதியே இல்லை.

ரோஜா என்ன ஆனது? தரைக்கு மேலே கருகியது ஏராளம். ஆனால் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தபோது பல செடிகள் அடியிலிருந்து துளிர்த்தன. மண்ணுக்குள் அந்த அளவுக் குளிர் இறங்கவில்லை. இங்கேதான் சொந்த வேர்ச் செடிக்கும் ஒட்டுச்செடிக்கும் வித்தியாசம் தெரியும். குச்சி நட்டு வளர்த்த சொந்த வேர்ச் செடி அடியிலிருந்து துளிர்த்தால் அதே ரோஜாதான் வரும். ஒட்டுச்செடியில் ஒட்டுக்கு மேலே செத்துவிட்டால், துளிர்ப்பது கீழே இருக்கிற வேர்ச்செடி. அமெரிக்காவில் வேர்ச்செடியாகப் பெரும்பாலும் ‘டாக்டர் ஹியூ’ என்ற ரகத்தை வைப்பார்கள். மஞ்சள் ரோஜா வைத்த இடத்தில் கருஞ்சிவப்புப் பூ பூத்தால், தன் ரோஜா செத்துப்போனது என்று அர்த்தம்.

அதே மாநிலத்தின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தார் எர்த்-கைண்ட் என்ற பெயரில் நெடுங்காலமாக ஒரு சோதனை நடத்துகிறார்கள். உரம் கிடையாது, பூச்சி மருந்து கிடையாது, மரத்தூள் சில்லு மூடாக்கு மட்டும் மூன்று அங்குலத்துக்குப் போட்டு, எந்த ரோஜா நின்று பிழைக்கிறது என்று பார்ப்பது. தேறினதில் ‘மியூட்டபிலிஸ்’ போன்ற பழைய சீன ரோஜாக்கள் உண்டு. மூடாக்கு, சொந்த வேர், சகிப்புள்ள ரகம் என்று நாம் இங்கே பேசுகிறதையே அங்கே ஒரு பல்கலைக்கழகம் சோதித்துச் சொல்கிறது.

சரி, அக்காவின் கொல்லைக்கு வருவோம்.

பனியில் அடிபட்ட செடி எப்படி இருக்கும்? உச்சியில் இருக்கிற இளந்துளிர் ஒரே இரவில் வேகவைத்த கீரை மாதிரி துவண்டு கருக்கும். கீழே முற்றின இலையும் தண்டும் நன்றாக இருக்கும். அக்காவின் செடியில் நேர்மாறு. அடி இலை முதலில் மஞ்சளாகி உதிர்ந்திருந்தது. உச்சி கடைசியில் வாடியது. நகத்தால் தண்டைக் கீறிப் பார்த்தேன். மேலே இன்னும் பச்சை, தரை மட்டத்தில் பழுப்பு. ஒரு செடியைப் பிடுங்கினோம். வேரை விரலால் உருவினால் தோல் சட்டை கழற்றுகிற மாதிரி கையோடு வந்தது. கறுப்பு, சாக்கடை வாடை. உயிருள்ள வேர் உள்ளே வெளிர் நிறமாக, கடித்தால் நறுக்கென்று இருக்கும்.

“இது பனி இல்லக்கா, தண்ணி” என்றேன். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில்தான் கரை கடந்தது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சங்கராபரணியில் வெள்ளம். அக்காவின் ரோஜா நின்றது கரும்பு வெட்டின தாழ்வான துண்டில். மூன்று நாள் தண்ணீர் வடியவில்லை. தண்ணீர் நிறைந்த மண்ணில் காற்று இல்லை. காற்றில்லாத வேர் மூச்சுத்திணறிச் சாகும். ஆனால் தண்டில் இருந்த சத்தை வைத்துக்கொண்டு செடி இரண்டு, மூன்று வாரம் நடிக்கும். மழை விட்டு, வெயில் வந்து, இலை தண்ணீர் கேட்கும்போதுதான் கொடுக்க வேர் இல்லை என்று தெரியும். அதற்குள் மார்கழி பிறந்துவிடுகிறது. பழி பனிக்குப் போகிறது.

வாடுகிறதே என்று அக்கா தினமும் தண்ணீர் வேறு ஊற்றியிருக்கிறார். அழுகின வேருக்கு மேலும் தண்ணீர். எல்லோரும் செய்கிற தப்புதான்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். கவாத்து செய்து ஏறக்குறைய 45 நாளில் பூ வரும். பொங்கலுக்கும் தை முகூர்த்தத்துக்கும் பூ வேண்டும் என்றால் கார்த்திகை நடுவில் வெட்ட வேண்டும். விலை அப்போதுதான். ஒரு வருஷம் பேராசையில் அடைமழைக்கு நடுவே வெட்டினேன். துளிர் வேகமாக வரட்டும் என்று மீன் அமினோ அமிலம் வாரம் இரண்டு முறை தெளித்தேன். இயற்கை இடுபொருள்தானே, என்ன ஆகிவிடும் என்ற நினைப்பு. வெட்டின நுனியெல்லாம் ஈரம் இறங்கிக் கறுத்து, கணு கணுவாகக் கீழே இறங்கியது. நுனிக்கருகல். தப்பித்து வந்த துளிரும் கொழகொழவென்று வந்து, சாம்பல் நோய்க்கு நல்ல தீனியானது. பொங்கலுக்கு என் வீட்டு வாசலுக்கே பூ வெளியே வாங்கினேன். தழைச்சத்து எந்தப் புட்டியிலிருந்து வந்தாலும் தழைச்சத்துதான். ஊட்டியில் உறைபனிக்கு முன் கொழுக்க வைத்த துளிர் படுகிற பாட்டை இங்கே என் துளிர் பூஞ்சாணத்திடம் பட்டது.

இப்போது நான் செய்வது இது. மொத்தச் செடியையும் ஒரே நேரத்தில் வெட்டுவதில்லை. மேடான பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும், கார்த்திகையில் நாலு நாள் வெயில் அடித்தால் வெட்டுகிறேன். வெயில் இல்லை என்றால் பொங்கல் விலையை மறந்துவிட வேண்டியதுதான். மிச்சத்தை மழை ஓய்ந்தபின் மார்கழி முதல் வாரத்திலும் கடைசியிலும். கத்தரிக்கோலைத் தீட்டி, மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் பசுஞ்சாணம் தடவுகிறேன். மாசி வரைக்கும் பூ தொடர்ச்சியாக வருகிறது. ஒரே நாளில் கொட்டி விலை போகாமல் அல்லாடுவதும் குறைந்தது.

மார்கழிப் பனி செடியைக் கொல்லாது என்றேனே தவிர, அது சும்மா இருக்கும் என்று சொல்லவில்லை. இலை இரவு முழுக்க நனைந்திருந்தால் கரும்புள்ளி நோய் வித்து முளைக்க ஏழெட்டு மணி நேர ஈரம் கிடைத்துவிடும். அதனால் சாயந்திரம் செடி மேல் தண்ணீர் அடிக்காதீர்கள். காலையில், வேருக்கு மட்டும். செடிக்குச் செடி காற்றும் காலை வெயிலும் போகிற இடைவெளி விடுங்கள். புள்ளி விழுந்து உதிர்ந்த இலையைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், மூடாக்கோடு சேர்க்காதீர்கள். சாம்பல் நோய்க்குப் புளித்த மோர் ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்து வெயில் ஏறும் நேரத்தில் தெளிக்கிறேன். தொடக்கத்திலேயே பிடித்தால் கேட்கும், முற்றிவிட்டால் அந்தக் கிளையை வெட்டி எறிவதே மேல்.

மூடாக்கு விஷயத்தில் குளிர் நாட்டுக்காரர்களுக்கும் நமக்கும் காலம் நேர் எதிர். அவர்கள் குளிர்காலத்தில் அடித்தண்டைச் சுற்றி இலைதழையைக் குவிப்பார்கள். ஒட்டுக் கட்டின இடத்தையே இரண்டு அங்குலம் மண்ணுக்குள் புதைத்து நடுவார்கள். நாம் மழைக்காலத்தில் மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலேயே தெரிய வேண்டும். அவர்கள் புத்தகத்தையோ காணொளியையோ பார்த்து இங்கே ஒட்டைப் புதைத்தால் ஐப்பசியில் அழுகிவிடும். மாசி பிறந்ததும் கரும்புத் தோகையை இழுத்து நன்றாக மூடுங்கள். கத்திரிக்கு அதுதான் காப்பு.

அக்காவுக்கு நான் சொன்ன ரகம் பன்னீர் ரோஜா. நம்ம பக்கம் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் எட்வர்டு ரோஜா. இந்தியப் பெருங்கடலில் பூர்போன் தீவில், அதாவது இன்றைய ரெயூனியனில், வேலிக்கு வைத்திருந்த சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் தானாகக் கலந்து பிறந்த செடி. 1817 வாக்கில் பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் கண்ணில் பட்டு ஐரோப்பாவுக்குப் போய், அங்கே பூர்போன் ரோஜாக்கள் என்ற குடும்பத்துக்கே தாயானது. நம்ம புதுச்சேரி, காரைக்காலிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் பின்னாளில் தமிழர்கள் போன தீவும் அதுதான். வெயிலும் பழகினது, குளிரும் ஓரளவு பழகினது. வட இந்தியாவில் இதையே மற்ற ரோஜாக்களுக்கு வேர்ச்செடியாக வைக்கிறார்கள். வேர்ச்செடியாகவே வைக்கும் அளவுக்கு வலுவான வேர் இருக்கும்போது, அது மேல் இன்னொன்றை ஒட்ட வேண்டிய அவசியம் உதிரிப்பூ உழவருக்கு இல்லை. பென்சில் தடிமனில் முற்றின குச்சி, முக்கால் அடி நீளம், மழை ஓய்ந்த மார்கழியில் நட்டால் வேர் பிடிக்கும். ஒரு செடி வாங்கினால் அடுத்த வருஷம் ஒரு வரிசை. கடன் வாங்க வேண்டாம்.

தண்ணீரில் நிற்கிற ரோஜாவே உலகத்தில் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ரோசா கிளைனோபில்லா என்று வங்காளத்து ஆற்றோரங்களிலும் சதுப்பிலும் வளரும் காட்டு ரோஜா மழைக்காலத்தில் தண்ணீருக்குள்ளேயே நிற்கும். கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா வீரராகவன் இணையர் வெப்ப நாட்டுக்கு ஏற்ற ரோஜாவை உருவாக்க இதையும், மணிப்பூர் மலைகளில் வளரும் ரோசா ஜைஜான்டியா என்ற பெருங்கொடி ரோஜாவையும் வைத்துப் பல பத்தாண்டுகள் கலப்பு செய்தார்கள். உதிரிப்பூ உழவர் கைக்கு அப்படி ஒரு ரகம் பரவலாக வரும்வரை மேட்டுப்பாத்திதான் நமக்கு வழி.

அக்கா அந்தத் துண்டில் ஒன்றரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எடுத்து, நடுவில் வடிகால் விட்டு, பன்னீர் ரோஜாக் குச்சி நட்டார். பிழைத்திருந்த ஒட்டுச்செடிகள் இருபத்தேழையும் மண்ணோடு தோண்டி மோட்டார் கொட்டகைப் பக்கம் மேட்டுக்கு மாற்றினோம். அதில் நாலு செடியில் ஒட்டுக்குக் கீழேயிருந்து துளிர் வந்தது. மூன்றைப் பிய்த்துவிட்டோம். ஒன்றை அப்படியே விட்டிருக்கிறார். “என்னதான் பூக்குதுன்னு பாக்கலாம் தம்பி” என்கிறார்.